ஆடி வரை பொறுக்காத பயணம்

அத்தியாயம் ஒன்பது

வேன் மத்தியானம் வருவதாக இருந்தது. அதற்குள் என் மாமியாரின் வருஷத் திவசத்தை முடித்தாக வேண்டும். காலையில் போன் அடித்தது. என் நாத்தனார் இந்திராதேவி.

"நான் வரல அண்ணி. நீங்களே பண்ணிக்கங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அத்தை காலமானது ஆடியில். நாங்கள் அப்போது மாசியில் நின்றோம். கொள்ளி வைத்த மகன் வருஷம் திரும்புகிற வரை கடல் தாண்டக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் இன்றைக்கும் யாரும் மீறாத கட்டுப்பாடு. என் கணவர் ராமநாதனோ கடலையும் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு மலையிலும் ஏறுவேன் என்று நின்றார். சும்மா மலையும் இல்லை. ஜாவாத் தீவில் உச்சியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு புகை விடுகிற எரிமலை.

ஏன் இந்த அவசரம் என்பது கண்டி ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்த வாசகர்களுக்குத் தெரியும். அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பதைப் போல, நேர் எதிரில் இருப்பது மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பது தெரியாது. மிச்சமிருப்பது ஆடி வரை தாங்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில்தான் இவர் வாயைத் திறந்தார்.

"கோசலா, நெருப்பு மலைன்னு ஒண்ணு இருக்கே. அத ஒருக்கா நேர்ல பாத்துரணும்."

அதற்குப் பிறகு நானும் வேறு எதையும் யோசிக்கவில்லை. கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷாமிலா டிக்கட் எடுத்தாள். மீதி இருந்தது இந்த வருஷக் கணக்குதான்.

வீட்டில் கல்யாணம் வந்தால் திவசத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது எங்கள் பக்கம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பூசாரியிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"கல்யாணத்துக்கு முடிச்சிருக்கேன். வீடு குடிபோறதுக்குக்கூட ஒருக்கா முடிச்சிருக்கேன். டூர் போறதுக்கு முடிச்சதில்லம்மா."

"இப்ப முடிங்க. அடுத்தவங்க வந்து கேட்டா எங்களச் சொல்லிக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார்: பிள்ளைகள் எல்லாரும் மனமொத்து உட்கார வேண்டும். எல்லாரும் என்றால் இரண்டே பேர். இவரும் தேவியும். படையலில் வைக்கிற சேலையை மகள் கொண்டுவருவது எங்கள் வீட்டு வழக்கம். மகள் வராவிட்டால் சேலை இல்லை. சேலை இல்லாவிட்டால் படையல் இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பயணப் பையின் சிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவியா?"

"ஆமா."

"வரலங்கிறாளா?"

"ஆமா."

சிப்பை முழுதாக மூடினார்.

"அப்ப வேன்காரனுக்கு வேணாம்னு சொல்லிரு. அவ இல்லாம நான் உக்கார மாட்டேன். அம்மாவ அனுப்புற விஷயத்துல அவள மிதிச்சுட்டுப் போயி நான் ஒரு மலையப் பாக்கணும்னு இல்ல."

"நீங்க குளிங்க. நான் மஸ்கெலியாவுக்குப் போய் கூட்டிக்கிட்டு வாறேன்."

"வர மாட்டா."

"குளிங்கன்னு சொன்னேன்."

அவர் என் கையைப் பிடித்தார்.

"கண்ணப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. பிரியந்தி கல்யாணம் முடியட்டும்."

பிரியந்தி தேவியின் ஒரே மகள். எங்கள் ஹட்டன் பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகன் சுதாகரனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். தாய்மாமனுக்குக் கண் போகிறது என்று பஜாரில் ஒரு கடைக்குத் தெரிந்தால் போதும். சாயந்தரத்துக்குள் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் இருக்கும்: அந்தப் பொண்ணுக்கும் வருமா? அதற்கு டாக்டரிடமே பதில் இல்லை. அதனால்தான் இவர் எங்கள் பாத்திரக் கடையில் எழுந்து நடமாடாமல், கல்லாவிலேயே உட்கார்ந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். சாமான் விழுகிற சத்தத்தை வைத்தே எது உருண்டது என்று சொல்லிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தங்கைக்குமே.

சீசன் காலம். பஸ் முழுக்க சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள். வெள்ளை உடுத்த ஒரு சிங்கள அம்மா எனக்கு இடம் ஒதுக்கி, மலைக்குப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற மாதிரி "கருணாவய்" என்றாள். நானும் மலைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. நானும் "கருணாவய்" என்றேன். என் காரியமும் ஒரு மலை ஏறுகிற காரியம்தானே.

மஸ்கெலியா கடைத்தெருவில் தேவிக்கு ஒரு சின்னக் கடை. புருஷன் போன பிறகு அவளே நடத்துகிறாள். மற்ற நாளில் நூல், ஊசி, பாவாடை நாடா. சீசன் வந்தால் மலை ஏறுகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும். நான் போய் இறங்கியபோது கடை வாசலில் கூட்டம். அவள் என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஒருவனுக்குச் சிங்களத்தில் தொப்பி விலை சொன்னாள்.

"தேவி."

"கடையில ஆள் நிக்குது அண்ணி."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். ஒரு பையன் சிவப்புத் தொப்பியைப் போட்டுப் பார்த்தான். தேவி அவனுக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"என் மக கல்யாணத்துக்கே நான் அம்மா வருஷத்த முன்னால இழுக்கல. மாப்பிள்ள வீட்ல மாசியிலயே வைக்கலாம்னாங்க. முடியாது, ஆடி முடியட்டும், ஆவணியில வைங்கன்னு சொன்னவ நான். தெரியும்ல?"

"தெரியும்."

"என் மக பொறுக்கிறா. நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்திப் பாக்க அம்மாவ அவசர அவசரமா அனுப்புறீங்க."

"ஊரு சுத்த இல்ல தேவி."

"பின்ன? மலை ஏறவா? அதுதான் ஏறக்கூடாதுங்கிறது!"

"நாம இருக்கிறதே மலையிலதான். நம்ம வீட்டுக்குப் போக ஏறணும், கோயிலுக்குப் போக ஏறணும். அத்தைக்குக் காரியம் முடிஞ்ச மறுநாள் நீ எப்படி மஸ்கெலியாவுக்கு வந்த? பறந்தா வந்த?"

"வியாக்கியானம் பேசாதீங்க அண்ணி."

"நீ ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் மலை ஏறத் தொப்பி விக்கிற. உங்க அண்ணன் ஏறினா மட்டும் பாவம்."

"அவங்களுக்கு எங்கம்மாவா செத்தாங்க?"

பையன் சிவப்பைக் கழற்றிவிட்டு நீலத்தை எடுத்தான். தேவியின் கண் கலங்கியிருந்தது. கையில் இருந்த கண்ணாடி ஆடவில்லை.

"சின்னதுல இந்த ஊர்லதான் இருந்தோம்" என்றாள். "சீசனுக்கு மலையில லைட் போடுவாங்க. அடியில இருந்து உச்சி வரைக்கும் கோடு மாதிரி எரியும். அண்ணன் எங்கிட்ட என்ன சொல்லும் தெரியுமா? அதுதான் நெருப்புக் கொழம்பு, இறங்கி வருது, விடியறதுக்குள்ள நம்ம வீட்டுக்கு வந்துரும்னு. நான் அம்மா சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவேன். அம்மா அகப்பைய எடுத்துக்கிட்டு அண்ணன வெரட்டும்."

"அந்தப் பைத்தியம் இன்னும் போகல அவருக்கு."

"போகலன்னா இருக்கட்டும். ஆடிக்குப் பிறகு போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? நானே பலகாரம் சுட்டுக் குடுத்து அனுப்புறேன். அதுக்குள்ள அந்த மலை எங்கயாவது ஓடிருமா?"

"மலை ஓடாது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. தேவி கண்ணாடியை இறக்கினாள். பையனிடம் சிங்களத்தில் சற்றுப் பொறுக்கச் சொன்னாள்.

"அப்ப எது ஓடிரும் அண்ணி?"

நான் தொப்பிகளைப் பார்த்தேன்.

"எது ஓடிரும்? சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்லல. நான் கேக்குறேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேவி பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவன் வாங்குவானா, விலை கேட்டுவிட்டுப் போவானா என்று படியேறும்போதே சொல்லிவிடுவாள்.

"போன மாசம் நாங்க ஹட்டன் கடைக்கு வந்தோம். பிரியந்தி அண்ணனுக்குப் பக்கத்துலயே நின்னா. 'எங்க அவ, வரலயா'ன்னு அண்ணன் கேட்டுச்சு. கிண்டல் பண்ணுதுன்னு சிரிச்சோம்." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். "காரியத்தன்னிக்கு வாசப்படியில இடறிச்சு. அழுகையில இடறுதுன்னு நெனச்சேன்."

நான் ஒரு தொப்பியை எடுத்து மடித்தேன்.

"கண்ணா அண்ணி?"

வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ஆனால் அழாமல் இருப்பேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தேவி கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையன் நீலத் தொப்பிக்குரிய காசை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகப் போய்விட்டான்.

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"பிரியந்திக்காக."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் சிவந்தது.

"என்னைக் கேக்காம எனக்கு நல்லது செய்ய உங்களுக்கு யாரு சொன்னது? ரெண்டு பேரும் சேந்து என்னைப் பெரிய பாவி ஆக்கிட்டீங்களே! கண்ணு போற மனுசன உக்கார வச்சு, ஆடி வரைக்கும் பொறுன்னு சட்டம் பேசியிருக்கேனே நான்!"

"உனக்குத் தெரியாது தேவி."

"தெரியாம வச்சது யாரு?"

எழுந்தாள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, பேப்பரில் சுற்றிய ஒரு சேலையோடு வந்தாள்.

"ஆடிக்குன்னு இப்பவே வாங்கிட்டியா?"

"கடைசி நேரத்துல ஓடினா அம்மாவுக்குப் பிடிக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அண்ணன்ட்ட சொல்லாதீங்க. சொன்னா பிரியந்தியப் பத்தியே பேசிப் பேசி ஏரோப்ளேன விட்டுரும்."

வெளியே வெள்ளை உடுப்புக் கூட்டம் ஒன்று பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தேவி அவர்களுடைய முகத்துக்கு எதிரே ஷட்டரை இழுத்து மூடினாள்.

ஹட்டனுக்குத் திரும்பி வந்து படையல் போட்டோம். அத்தைக்குப் பிடித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வேண்டும் என்று தேவி சண்டை பிடித்தாள். பூசாரி, திவசத்தில் கருவாடு கூடாது என்றார். "அப்ப அம்மா வராது, வந்தாலும் சாப்பிடாது" என்றாள் தேவி. கடைசியில் கிழங்கு மட்டும் வைத்தோம். அந்த வீட்டுச் சுவரில் இப்போது அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் இவருடைய படமும் மாட்டியிருக்கிறது; இரண்டு பேருக்கும் இலை போடுகிறோம். அன்றைக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் வேன் வருவதற்குள் கர்ப்பூரம் ஏற்றிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து விழுந்து கும்பிட்டார்கள். எழும்போது தேவி தேம்பினாள்.

"போய்ட்டு வாம்மா" என்றாள் படத்தைப் பார்த்து. "ஆடிக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டு இப்பவே அனுப்புறேன். கோவிச்சுக்காத. உன் மகனுக்காகத்தான்."

இவர் திரும்பிப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது தேவிதான் பரிமாறினாள்.

"நல்லா சாப்பிடுங்கண்ணே. அங்க போனா என்னத்தக் குடுப்பானோ."

"நெருப்பு மலையில கிழங்கு சுட்டுத் தின்னுக்குவோம்."

"ஆமா, கைய உள்ள விட்டுச் சுட்டுக்கங்க."

அவள் ரசம் எடுக்கப் போனதும் இவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது" என்றேன்.

தேவி திரும்பி வந்து, சுடுகிற ரசத் தம்ளரை இலையின் ஓரத்தில் வைத்தாள். வைத்தவள், இவர் கை அதில் இடிக்கப் போகிறது என்று கண்டு, சத்தம் வராமல் அதை எடுத்து அவருக்கு நேர் எதிரில் வைத்துவிட்டுப் போனாள். இவர் தம்ளரைத் தூக்கிக் குடித்தார். ரசம் அத்தை வைக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்.

எங்கள் சந்துக்குள் வேன் வராது. படிகளில் இறங்கி பஜார் ரோட்டுக்குப் போக வேண்டும். வேன் நிறுத்த இடம் கிடைத்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம், சரியாக அந்த இரும்புக் கடைக்கு முன்னால். சுதாகரனின் அப்பா வாசலில் நின்று கம்பிக்கட்டு ஒன்றை எடை போட வைத்துக்கொண்டிருந்தார். என் கணவரைக் கண்டதும் கையைத் தூக்கினார். இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் விலாவில் இடித்தேன். உடனே அந்தத் திசைக்குத் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"என் கையப் புடிச்சுக்கங்க" என்றேன்.

"பஜார்ல பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டுப் போனா சனம் என்ன நெனைக்கும்?"

"புதுசா கல்யாணம் ஆன ஜோடின்னு நெனைக்கட்டும்."

"விடு. ரோட்டத் தாண்ட எனக்குத் தெரியும். இத்தன வருஷம் தாண்டின ரோடு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கிவிட்டார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவதற்குள், இடது பக்கமிருந்து ஒரு திரீவீலர் திரும்பியது. அது அவருடைய குழாய்க்குள் வரவேயில்லை. காலை எடுத்து முன்னால் வைத்தார்.

எனக்குப் பின்னால் வந்த தேவி பையை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ரோட்டோரத்து மரக்கறிக் கூடைகள் மேல் போய் விழுந்தார்கள். திரீவீலர் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டி, கண் தெரியாதா என்று சிங்களத்தில் கத்தினான்.

தேவி எழுந்தாள். கொண்டையில் முட்டைக்கோவா இலை ஒட்டியிருந்தது. அவள் முதலில் திரீவீலரைப் பார்த்தாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தடுக்கி விழுந்துட்டாரு" என்று அவள் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"அய்யாட்ட எஸ் பேன்னே நே!" என்று சிங்களத்தில் கத்தினாள். பிறகு, அது விளங்காமல் போன ஆள் பஜாரில் யாராவது இருந்துவிடக் கூடாது என்கிற மாதிரி, தமிழிலும் சொன்னாள். "எங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியல! பாத்து ஓட்டு!"

காய்கறிக்காரி கூடையை நிமிர்த்துவதை நிறுத்திவிட்டாள். இரும்புக் கடையில் தராசுத் தட்டு ஆடுவது மட்டும் கேட்டது.

இவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தேவி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"எழும்புங்க. வேன் நிக்குது."

"பிரியந்தி..."

"அவ என் மக. அந்தச் சண்டைய நான் போட்டுக்கிறேன். நீங்க போயி மலையப் பாருங்க." அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "நல்லா பாருங்க. வாய், மூக்கு, புகை, ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். சும்மா போனோம் வந்தோம்னு சொன்னா விட மாட்டேன்."

கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாள், எல்லாரும் பார்க்க. வேனில் ஏற்றினாள். கதவை இழுத்து மூடினாள். டிரைவரின் தோளைத் தட்டி, "எடுங்க" என்றாள்.

வேன் நகர்ந்தது. நான் பின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"என்ன நடக்குது? சொல்லு."

"சுதாகரன் அப்பா ரோட்டுக்கு இறங்கிட்டாரு."

"தேவிக்கிட்டயா போறாரு?"

"அவகிட்டதான்."

"அவ என்ன செய்யிறா?"

தேவி தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. அவள் திரும்பவில்லை.

"நிக்கிறா" என்றேன். "நகரல."